புண்ணில் வந்த கிருமிக்கு ஊர் எது?

தைப்பூசத்துக்கு முதல் நாள் ஜார்ஜ்டவுனில் தேர் புறப்பட்டுத் தண்ணீர்மலை நோக்கி நகரும்போது, வழிநெடுகத் தேங்காய்கள் குவியல் குவியலாக உடைபடும். தமிழர்கள் மட்டுமல்ல, சீனர்களும் மூட்டைக் கணக்கில் வாங்கி வைத்து உடைப்பார்கள். துப்புரவு வண்டி வந்து அள்ளுவதற்குள் அந்தச் சில்லுகளைத் தாண்டி எத்தனையோ வெறுங்கால்கள் போய்விடும். நல்ல காலாக இருந்தால் சில்லு குத்தியதும் சுருக்கென்று தெரியும். நின்று பிடுங்கிப் போட்டுவிடலாம். பல வருடம் இனிப்புநீரோடு வாழ்ந்த காலுக்கு அது தெரியாது. நரம்பு மரத்திருக்கும். இரண்டு நாள் கழித்துப் பாயில் ஈரக்கறையைக் கண்டு வீட்டில் யாராவது கேட்டால்தான் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

மலேசியச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசியக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. இந்திய வம்சாவளியினரை மட்டும் தனியே எடுத்தால் அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. ஏறக்குறைய மூவரில் ஒருவர். ஆறாத கால் புண், வாரம் இருமுறை கட்டு மாற்றுவது, விரலை எடுப்பதா வேண்டாமா என்ற பேச்சு, இதெல்லாம் பினாங்குத் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல.

சீழ் வைத்த புண்ணிலிருந்து எடுத்த மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போனால் என்ன நடக்கிறது? ரத்தம் கலந்த அகார் தட்டில் அதைக் கோடு கோடாக இழுத்து, உடல் சூட்டில் ஓர் இரவு வைக்கிறார்கள். காலையில் குண்டூசித் தலை அளவில் புள்ளிகள் முளைத்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒற்றைச் செல்லில் தொடங்கிக் கோடிக்கணக்கில் பெருகிய கூட்டம். அதில் ஒன்றை எடுத்து வேறு தட்டில் பூசி, மருந்தில் தோய்த்த சின்னஞ்சிறு காகித வட்டுகளை மேலே வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் வட்டைச் சுற்றிக் கிருமி முளைக்காத தெளிந்த வளையம் விழும். செய்யாவிட்டால் வட்டின் விளிம்பு வரை மூடிக்கொண்டு வளர்ந்திருக்கும். 'கல்ச்சர் ரிப்போர்ட்' என்று நோயாளியின் கையில் வரும் தாளில் இருப்பது இவ்வளவுதான்: கிருமியின் பெயர், மருந்துகளின் வரிசை, எது கேட்கும், எது கேட்காது.

ஒரு நோயாளிக்கு மருந்து எழுதப் பெரும்பாலும் இது போதும். ஆனால் ஒரே வார்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டில்களில், இருவர் புண்ணிலும் எம்.ஆர்.எஸ்.ஏ. வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெத்திசிலின் வகை மருந்துகளுக்கு மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அது. இவரிடமிருந்து அவருக்குத் தொற்றியதா? கட்டு மாற்றும் தள்ளுவண்டி வழியாக வந்ததா? இல்லை, இருவருமே வீட்டிலிருந்து தனித்தனியாகக் கொண்டுவந்தார்களா? முதல் இரண்டில் எது உண்மையானாலும் வார்டைப் புரட்டிப் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். மூன்றாவது என்றால் அந்த உழைப்பெல்லாம் வீண். இரண்டு நோயாளிகளின் தாள்களிலும் ஒரே பெயர், ஒரே பட்டியல். தட்டு இதற்கு மேல் பேசாது.

பேச வைப்பதற்குக் கிருமியின் டி.என்.ஏ.வை முழுசாக வாசிக்க வேண்டியிருக்கிறது. ஸ்டெஃபைலோகாக்கஸின் மரபணுத் தொகுதி சுமார் 28 லட்சம் எழுத்து. ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகள், வரிசைதான் வேறு வேறு. எம்.ஆர்.எஸ்.ஏ.வை முதன்முதலாக முழுக்க வாசித்து 2001இல் லான்செட் இதழில் வெளியிட்டது ஜப்பானியக் குழு ஒன்று. அப்போது அது பெரிய சாதனை. பினாங்கிலேயே, பாயான் லெப்பாஸில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேதி உயிரியல் மையம், வங்கதேசத்து விஞ்ஞானி மக்சூதுல் ஆலம் தலைமையில் ரப்பர் மரத்தின் மரபணுத் தொகுதியை வாசித்தது. 2013இல் அது அச்சில் வந்தது. ரப்பருக்குச் சுமார் 200 கோடி எழுத்து. அதோடு ஒப்பிட்டால் கிருமி வெறும் துண்டுச் சீட்டு. இன்றைய கருவிகள் அதன் டி.என்.ஏ.வைச் சில நூறு எழுத்துகள் கொண்ட சிறு துணுக்குகளாக உடைத்து, ஒவ்வோர் இடத்தையும் பல தடவை வாசித்து, கணினியில் கோத்துவிடுகின்றன.

வாசித்ததை வைத்து உறவு சொல்வது எப்படி? உ.வே.சாமிநாதையர் ஒரே நூலின் பல ஏடுகளை அருகருகே வைத்துப் பார்த்த வேலையைத்தான் இங்கே கணினி செய்கிறது. ஏட்டைப் பெயர்த்து எழுதுகிறவர் ஓரிடத்தில் எழுத்தைப் பிசகினால், அந்த ஏட்டைப் பார்த்து எழுதிய எல்லா ஏடுகளும் அதே பிசகைச் சுமக்கும். இரண்டு ஏடுகளில் ஒரே அபூர்வமான பிழைகள் இருந்தால் இரண்டுக்கும் மூலம் ஒன்று. கிருமி இரண்டாகப் பிரியும்போதும் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கிறது. எப்போதாவது ஓர் எழுத்து பிசகுகிறது. இரண்டு நோயாளிகளின் கிருமிகளுக்கிடையே 28 லட்சத்தில் இரண்டோ மூன்றோ எழுத்துதான் வேற்றுமை என்றால் தொற்று அண்மையில் நடந்தது. சில நூறு எழுத்து வேற்றுமை என்றால் அந்த வார்டுக்கும் இந்த உறவுக்கும் சம்பந்தமில்லை.

இதற்கு முன்பே சுருக்கு வழி ஒன்று இருந்தது. ஏழு மரபணுக்களின் சில பகுதிகளை மட்டும் வாசித்து, அவற்றின் சேர்க்கைக்கு எண் கொடுப்பது. எம்.ஆர்.எஸ்.ஏ. குலங்களை எஸ்.டி. 239, எஸ்.டி. 22 என்று அழைக்கும் வழக்கம் அதிலிருந்து வந்ததுதான். மலேசிய மருத்துவமனைகளில் நெடுங்காலம் கோலோச்சியது எஸ்.டி. 239. பக்கத்தில் சிங்கப்பூரிலும் அதே கதை. பிறகு அங்கே எஸ்.டி. 22 வந்து அதை ஓரங்கட்டியது. ஆனால் நாடு முழுவதும் ஒரே எண் பரவிக் கிடக்கும்போது, அடுத்த கட்டிலில் இருப்பவருக்கும் அதே எண் என்று சொல்வதில் என்ன பயன்?

இந்த இடத்தில்தான் 2010இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு திருப்பமானது. சைமன் ஹாரிஸும் கூட்டாளிகளும் எஸ்.டி. 239 குலத்தைச் சேர்ந்த 63 கிருமிகளை முழுமையாக வாசித்தார்கள். 43 உலகின் பல பக்கங்களிலிருந்து சேர்த்தவை. மீதி 20 வடகிழக்குத் தாய்லாந்தின் ஒரே மருத்துவமனையில், சில மாத இடைவெளிக்குள் எடுத்தவை. எண்ணளவில் அத்தனையும் ஒன்றுதான். எழுத்தெழுத்தாகப் பார்த்தபோது, அந்த ஒரே மருத்துவமனைக்குள்ளேயே யாரிடமிருந்து யாருக்குப் போயிருக்கலாம் என்று பிரிக்க முடிந்தது. ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஓர் எழுத்து மாறுகிறது என்ற கணக்கும் கிடைத்தது. லண்டன் மருத்துவமனை ஒன்றில் தலைவலியாக இருந்த கிருமி, தாய்லாந்துக் கிளையோடு ஒட்டி நின்றது. தென்கிழக்காசியாவிலிருந்து யாரோ ஒருவரோடு அது விமானம் ஏறியிருக்க வேண்டும்.

இந்தோனேசியாவின் மேடானிலிருந்து சிகிச்சைக்காகவே நோயாளிகள் வந்து போகும் ஊர் பினாங்கு. தாய்லாந்து எல்லை சில மணி நேரச் சாலைப் பயணம். சென்னையிலிருந்து நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியது. இப்படிப்பட்ட ஊருக்குக் கிருமியின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது என்பது இந்தக் கட்டுரையாளரின் கட்சி.

தட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கேம்பிரிட்ஜின் ரோசி மருத்துவமனை நல்ல உதாரணம். 2011இல் அங்கே பச்சிளங்குழந்தைகளின் சிறப்புப் பிரிவில் எம்.ஆர்.எஸ்.ஏ. தலைகாட்டியது. முந்தைய மாதங்களிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்திருந்தது. மருந்துப் பட்டியலில் சில்லறை வித்தியாசம் இருந்ததால் அவையெல்லாம் வேறு வேறு சம்பவங்கள் என்று விடப்பட்டிருந்தன. முழு வாசிப்பு அவற்றை ஒரே கொடியில் சேர்த்தது. குழந்தைகளின் தாய்மார்களிடமும் அதே கிருமி இருந்தது. பிரிவை மூலைமுடுக்கெல்லாம் கழுவினார்கள். கடைசி நோயாளி போய் 64 நாள் கழித்து மீண்டும் ஒரு குழந்தைக்கு வந்தது. வாசித்தார்கள், பழைய கொடியேதான். கழுவிய தரையிலிருந்து வந்திருக்க முடியாது என்றால் யாரோ சுமக்கிறார்கள். 154 ஊழியர்களைச் சோதித்ததில் ஒருவரிடம் அது இருந்தது, அவருக்கே தெரியாமல். அவருக்குச் சிகிச்சை கொடுத்துக் கிருமியை நீக்கினார்கள்.

அந்த ஊழியர் இடத்தில் யாரையும் வைத்துப் பார்க்கலாம். இந்தத் தொழில்நுட்பம் ஆளைக் கைகாட்டிவிடும் என்ற பயம் நியாயமானது. அதே சமயம், சும்மா சந்தேகப்பட்டவரை விடுவிப்பதும் இதுவேதான்.

பினாங்கிலிருந்து வடக்கே கெடா வயல்வெளிகள் பக்கம் போனால் புண்ணின் கதை மாறுகிறது. அங்கே சேற்றிலேயே கிருமி இருக்கிறது. மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் புர்க்கோல்டேரியா சூடோமல்லை. காலில் உள்ள வெட்டுக்காயம் வழியாக நுழைந்து, தோலில் சீழ்க்கட்டியாக நிற்கலாம். நுரையீரலுக்கும் ரத்தத்துக்கும் பரவலாம். அலோர் ஸ்டார் பதிவேட்டில் 2005 முதல் 2008 வரை 145 பேர். மூவரில் ஒருவர் இறந்தார். பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு. பிறவியிலேயே பல மருந்துகளுக்கு மசியாத கிருமி இது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசியாகக் குறைந்தது பத்து நாள், பிறகு மூன்று மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை என்று நீண்டுகொண்டே போகும் வைத்தியம்.

இதை முதலில் கண்டவர்கள் ரங்கூன் பொது மருத்துவமனையின் நோயியலாளர் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி.எஸ்.கிருஷ்ணசாமியும். மார்பின் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கமுள்ள ஏழைகளின் பிணப் பரிசோதனையில் வினோதமான சீழ்க்கட்டிகளைப் பார்த்து, 1912இல் எழுதினார்கள். 'விட்மோர் நோய்' என்று பெயர் நின்றது. கிருஷ்ணசாமி அடிக்குறிப்பில் தங்கிவிட்டார். மெலியோய்டோசிஸ் என்ற பெயரைச் சூட்டியவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஸ்டாண்டனும் ஃப்ளெட்சரும், 1921இல்.

இந்தக் கிருமியைப் பிடிப்பதற்கென்றே ஆஷ்டவுன் அகார் என்ற தட்டு இருக்கிறது. அதில் ஜென்டாமைசினைக் கலந்திருப்பார்கள். மற்ற கிருமிகள் அந்த மருந்தில் செத்துப்போகும். ஜென்டாமைசினுக்கு அஞ்சாத சூடோமல்லை மட்டும் சுருங்கிய ஊதாப் புள்ளிகளாக எழும். பல நாடுகளில் பழகிய தந்திரம். ஆனால் சரவாக்கில் அது தடுமாறியது. 2014இல் வெளியான ஆய்வு, அந்த மாநிலத்து நோயாளிகளின் கிருமிகளில் பெரும்பாலானவை ஜென்டாமைசினுக்குச் சாகின்றன என்று காட்டியது. மருந்தை உள்ளே வந்த வேகத்தில் வெளியே தள்ளும் பம்பு ஒன்று இந்தக் கிருமிக்கு உண்டு. அந்தப் பம்பின் பாகத்துக்கான ஏ.எம்.ஆர்.-பி மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் பம்பைக் கெடுத்திருந்தது. எஸ்.டி. 881 என்ற குலமும் அதன் நெருங்கிய உறவும் இதைச் சுமந்தன. ஆக, நோயைக் கண்டுபிடிக்கும் தட்டிலேயே அந்தக் கிருமி முளைக்காது. நோயாளி காய்ச்சலோடு படுத்திருக்க, அறிக்கை ஒன்றுமில்லை என்று சொல்லும். குலம் தெரிந்திருப்பது அலங்காரமான தகவல் இல்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

இதே கிருமி 2021இல் அமெரிக்காவில் நான்கு பேரைத் தாக்கியது. கான்சஸ், டெக்சஸ், மின்னசோட்டா, ஜார்ஜியா. ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். எவரும் அண்மையில் வெளிநாடு போனவர்கள் அல்லர். இருவர் இறந்தனர். நான்கு கிருமிகளையும் வாசித்தபோது அவை உடன்பிறப்புகள் என்பதும், தெற்காசியக் கிளையோடு சேர்கின்றன என்பதும் தெரிந்தது. வெளிநாடு போகாதவருக்குத் தெற்காசியக் கிருமி வந்தால், ஏதோ பொருள் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். வீட்டுப் பொருட்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போனவர்கள் அக்டோபரில் ஜார்ஜியா வீட்டில் ஒரு வாசனைத் தெளிப்பானில் அதைக் கண்டுபிடித்தார்கள். புட்டி இந்தியாவில் தயாரானது. சுமார் 3,900 புட்டிகள் திரும்பப் பெறப்பட்டன.

இதுவரை சொன்னதெல்லாம் குலம் பிரிந்து வந்த கதை. கிருமிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு, அது வம்சக் கணக்கையே குழப்பிவிடும். மருந்தை எதிர்க்கும் மரபணு பல சமயம் பிரதான டி.என்.ஏ.வில் இருப்பதில்லை, பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் இருக்கிறது. இந்த வளையம் ஒரு கிருமியிலிருந்து பக்கத்துக் கிருமிக்குத் தாவும், இனம் விட்டு இனம்கூட. ஏட்டுக் கணக்கில் சொன்னால் இடைச்செருகல்: வேறொரு நூலின் பாட்டு இந்த ஏட்டில் புகுந்துவிட்டால், பிழைகளை வைத்துப் போட்ட வம்சாவளி அதைப் பற்றி எதுவும் சொல்லாது.

சென்னை ஆய்வு மாணவர் ஒருவரின் கட்டுரை இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி முதுநிலை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் ஆய்வு மாணவராக இருந்த கார்த்திகேயன் குமாரசாமி, கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டிமோத்தி வால்ஷுடன் சேர்ந்து 2010 ஆகஸ்டில் வெளியிட்ட கட்டுரை அது. கார்பபெனம் வகையைச் சேர்ந்த கடைசிக்கட்ட மருந்துகளையும் உடைக்கும் என்.டி.எம்.-1 மரபணு, சென்னையில் 44 கிருமிகளிலும், ஹரியானாவில் 26இலும், பிரிட்டனில் 37இலும், இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73இலும் இருந்தது. பெயரில் 'நியூ டெல்லி' இருந்ததால் இந்திய அரசு கொதித்தது; பெயர் வைத்தது தவறு என்று லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் 2011இல் வருத்தம் தெரிவித்தார். அந்தச் சண்டையில் அமுங்கிப்போன தகவல் ஒன்று உண்டு. ஹரியானாவில் கிடைத்த கிளெப்சியெல்லா என்ற இனக் கிருமிகள் ஒரே குலம். சென்னையிலும் பிரிட்டனிலும் கிடைத்தவை கலப்படமான பல குலங்கள். முந்தையதில் கிருமி பரவியிருக்கிறது. பிந்தையதில் வளையம் பரவியிருக்கிறது. தடுக்கும் வழி இரண்டுக்கும் ஒன்றாக இருக்க முடியாது. அன்று டி.என்.ஏ.வை வெட்டிப் பட்டைகளாக்கிப் பார்க்கும் பழைய முறையில்தான் இதைச் சொல்ல முடிந்தது. இன்று, நீளமான துண்டுகளை அப்படியே வாசிக்கும் நானோபோர் கருவிகள் வந்த பிறகு, வளையத்தை முழுதாகவே தனியே எடுத்துப் பார்க்கலாம். காகிதம் பிணைக்கும் ஸ்டேப்ளர் அளவுதான் அந்தக் கருவி. மடிக்கணினியில் செருகினால் ஓடும்.

அப்படியானால் ஒவ்வொரு கால் புண்ணையும் வாசித்துவிடலாமே? அவசரப்பட வேண்டாம். வாசிப்பு சொல்வது, ஏற்கெனவே தெரிந்த எதிர்ப்பு மரபணுக்கள் இருக்கின்றனவா என்று. தெரியாத உபாயத்தால் கிருமி தப்பினால் வாசிப்பு ஏமாறும்; வட்டைச் சுற்றிய வளையம் ஏமாறாது. மரபணு இருந்தும் உறங்கிக்கிடப்பது உண்டு. நாளை காலை எந்த ஊசி போடுவது என்ற கேள்விக்கு இன்றும் தட்டுதான் நம்பகமான பதில்.

நீரிழிவுப் புண்ணில் இன்னொரு சிக்கல். அங்கே கிருமிகள் தனியாக வசிப்பதில்லை. நாலைந்து இனங்கள் கூடிக் குடியிருக்கும். மேலாகப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்தால் தோலில் சும்மா ஒட்டியிருந்தவையும் சேர்ந்து வரும். அதனால்தான் நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேச வழிகாட்டுதல்கள், புண்ணைச் சுத்தம் செய்தபின் ஆழத்திலிருந்து திசுத் துணுக்கை எடுக்கச் சொல்கின்றன; தொற்றின் அறிகுறியே இல்லாத புண்ணிலிருந்து மாதிரி எடுக்கவே வேண்டாம் என்கின்றன. தவறான புள்ளியைத் தட்டிலிருந்து கிள்ளி எடுத்து 28 லட்சம் எழுத்தையும் பிழையில்லாமல் வாசித்தாலும், கிடைப்பது வழிப்போக்கனின் ஜாதகம்தான். நோயாளியின் தரப்பில் இதற்கு ஒரு வேலை உண்டு: மருந்துக்கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக்கை நாலு நாள் விழுங்கிவிட்டு வந்தால், அதை மறைக்காமல் சொல்வது. அந்த மாத்திரை தட்டில் எது முளைக்கும் என்பதையே மாற்றிவிடும்.

செலவும் இருக்கிறது. ஒற்றைக் கிருமியை வாசிக்கும் விலை மளமளவென்று இறங்கியிருந்தாலும், அகார் தட்டின் விலைக்கு வந்துவிடவில்லை. கருவி ஒன்றை நிறைக்கப் பல மாதிரிகள் சேரும் வரை காத்திருக்கிறார்கள். வாசித்ததைப் புரிந்து சொல்லும் ஆட்கள், கருவிகளைவிட அரிது. ஆகவே வார்டில் திடீரென்று எண்ணிக்கை கூடும்போதும், மருந்துப் பட்டியல் புரியாத விதத்தில் மாறும்போதும், நாட்டளவிலான கண்காணிப்புக்கும் இதை ஒதுக்கி வைப்பதே புத்திசாலித்தனம்.

தட்டுக்கு இல்லாத ஒரு வசதி வாசிப்புக்கு உண்டு. சோதனை முடிந்ததும் தட்டைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். எழுத்து வரிசை கணினியில் கிடக்கும், நாளைக்குப் புதிய கேள்வி வந்தால் மறுபடி திறக்கலாம். 2015 நவம்பரில் சீன விஞ்ஞானிகள், கொலிஸ்டின் என்ற கடைசி மருந்தையும் வீழ்த்தும் எம்.சி.ஆர்.-1 மரபணுவைப் பன்றிகளிடமும் நோயாளிகளிடமும் கண்டதாக அறிவித்தார்கள். அதுவும் வளையத்தில் ஏறித் தாவக்கூடியது. உலகில் வேறெங்காவது இருக்கிறதா என்று பொதுத் தரவுத்தளத்தில் தேடியபோது, மலேசியாவிலிருந்து எடுத்த ஈ. கோலை கிருமிகளின் வரிசைகளில் அது அகப்பட்டது. அந்த வரிசைகள் 2014 டிசம்பரிலேயே அங்கே போடப்பட்டவை. ஏறக்குறைய ஒரு வருடம் எல்லோர் கண் முன்னும் இருந்தன. எதைத் தேடுவது என்று தெரியாததால் யாரும் பார்க்கவில்லை. கோழி, பன்றிப் பண்ணைகளில் கொலிஸ்டினைத் தீவனத்தோடு கலந்து போடும் பழக்கம்தான் அதன் விளைநிலம் என்று சந்தேகம் வலுத்தது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அந்த மருந்தைக் கொடுப்பதை மலேசியா 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. இந்தியா அதே ஆண்டு ஜூலையில்.